"பாஸ் அவுட்" என்று பயோடேட்டாவில் எழுதுவது தவறா?

கேள்வி: செங்கோட்டு டிடிபி

வணக்கம். திருச்செங்கோட்டில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். மார்ச்சில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங், அது முடிந்த கையோடு பயோடேட்டா என்று கடை ஓடுகிறது. பிள்ளைகள் பெயர், முகவரி, மதிப்பெண் மட்டும் சொன்னால் போதும். மற்றதெல்லாம் என் கணினியில் மாதிரிப் படிவமாகவே இருக்கிறது. அதன் முதல் பத்தி "ஐ பாஸ்டு அவுட் ஆஃப்" என்று தொடங்கும். பிறகு ஒரு காலியிடம், "காலேஜ் இன்" என்று மறுபடி ஒரு காலியிடம். கல்லூரியின் பெயரையும் ஆண்டையும் நிரப்பி அச்சடித்துக் கொடுத்துவிடுவேன்.

போன வாரம் ஒரு மாணவி அந்தத் தாளோடு திரும்பி வந்தாள். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாளாம். டெக்சாசில் இருக்கும் அவளுடைய சித்தப்பா முதல் வரியைச் சிவப்பில் சுழித்து, "கல்லூரியில் மயங்கி விழுந்தாயா?" என்று பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டேதான் காட்டினாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஊரில் பாதிப் பேர் அந்த வரியைத்தான் கையில் வைத்துக்கொண்டு வேலைக்கு அலைகிறார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வேலைவாய்ப்பு விளம்பரங்களில் "2023, 2024 பாஸ் அவுட்ஸ் மட்டும்" என்று நிறுவனங்களே போடுகின்றன. வளாகத் தேர்வுக்கு வருகிறவர்கள் மாணவனைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வியே "எந்த வருட பாஸ் அவுட்?" என்பதுதான். அந்தச் சித்தப்பாவும் விமானம் ஏறும்வரை இதைத்தானே சொல்லியிருப்பார்? எல்லோரும் சொல்வது எப்படித் தவறாகும்?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தச் சொல்லுக்கு உண்மையில் எத்தனை பொருள்? டிகிரி, டிப்ளமோ, பிளஸ் டூ மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரி வேறு என்ன எழுதலாம்? படிவத்தை மாற்றுவதாக இருந்தால் இந்த மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டும், கூட்டம் வந்துவிடும்.

பதில்: மாயவரத்து வாத்தியார்

தம்பி, ஒரு வரியை மாற்றினால் உங்கள் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் மாற்றுவதற்கு முன் அந்தச் சொல்லின் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிடுகிறேன். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். "இது இந்தியன் இங்கிலீஷ்" என்று மூக்கைச் சுளிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

படித்து முடித்து வெளியேறுவது என்ற பொருளில் "பாஸ் அவுட்" நம் ஊரில் யாரோ உளறியதால் பிறந்ததல்ல. வெள்ளைக்காரனுடைய ராணுவக் கல்லூரியில் பயிற்சியை முடித்தவன் "பாஸஸ் அவுட்". பிரிட்டனில் ராணுவத்திலும் காவல்துறையிலும் தீயணைப்புத் துறையிலும் இன்றைக்கும் பயிற்சி நிறைவு அணிவகுப்பைப் "பாஸிங் அவுட் பரேட்" என்று சொல்கிறார்கள். பிரிட்டிஷ் அகராதியைப் புரட்டினால் மயங்குதல், ராணுவப் பயிற்சியை முடித்தல் என்ற இரண்டு பொருளும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். நாம் செய்ததெல்லாம், பாசறையில் இருந்த சொல்லைக் கல்லூரி வாசலுக்கும் அழைத்து வந்ததுதான். இந்தியாவில் மட்டுமல்ல, பாகிஸ்தானிலும் அப்படித்தான் வழங்குகிறது. அமெரிக்கர்களுக்கோ இந்தப் பொருள் பழக்கமில்லை. அவர்கள் காதில் மயக்கம் மட்டுமே விழும். டெக்சாஸ் சித்தப்பா அங்கே போய்ப் பல காலம் ஆகியிருக்க வேண்டும், காது மாறிவிட்டது.

இந்த வகை வினைகளால் அந்நியர்கள் திண்டாடுவது புதிய செய்தியும் அல்ல. சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் அகராதிக்கு எழுதிய முன்னுரையிலேயே, ஒரு வினைக்குப் பின்னால் சின்னச் சொல்லொன்றை ஒட்டிப் பொருளைத் திருப்பிவிடும் இந்த வழக்கம்தான் பிறமொழிக்காரர்களுக்கு மிகப் பெரிய தொல்லை என்று எழுதிவைத்தார். "ஃபிரேசல் வெர்ப்" என்ற பெயர் அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி அந்தப் பெயரைச் சொல்ல, லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் அதைத் தன் நூலில் எழுதிப் பரப்பினார்.

வகுப்பில் பிள்ளைகள் "பாஸ் என்றால் தேர்ச்சி, அவுட் என்றால் வெளியே, இரண்டும் சேர்ந்தால் எப்படி ஐயா மயக்கம்?" என்று மல்லுக்கு நிற்பார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "காட்டிக்கொடுத்தான் என்கிறோமே, எதைக் காட்டினான், எதைக் கொடுத்தான்?" சத்தம் அடங்கிவிடும். விட்டுக்கொடுப்பதில் கைமாறுகிற பொருள் எதுவும் இல்லை. ஒத்துப்போகிறவன் எங்கேயும் போவதில்லை. கூட்டு வினையின் பொருள் கூட்டில்தான் இருக்கும், பிரித்துப் பார்த்தால் அகப்படாது.

இனி பொருள்களுக்கு வருகிறேன். முதலாவது, ஆங்கிலம் பேசும் எல்லா நாட்டிலும் செல்லுபடியாவது: நினைவு தவறுதல். "ஷி பாஸ்டு அவுட் இன் த ஹீட்" என்றால் வெயிலில் மயங்கி விழுந்தாள். இதே பொருளுள்ள "ஃபெயின்ட்" என்ற சொல் கொஞ்சம் மென்மையானது. இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கிக் கண நேரம் நினைவு போய்த் திரும்புவதற்குப் பொருந்தும். "பாஸ் அவுட்" அதைவிட அகலம். வலியால் நினைவிழந்தாலும், புகையில் மூச்சுமுட்டி விழுந்தாலும், குடித்துவிட்டுக் கிடந்தாலும் இதையே சொல்வார்கள். குடி என்று வந்ததால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். "பிளாக் அவுட்" என்பதை இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். குடிகாரனைப் பொறுத்தவரை "பாஸ்டு அவுட்" என்றால் ஆள் தரையில் கிடக்கிறான். "பிளாக்டு அவுட்" என்றால் ஆள் நடமாடியிருக்கிறான், சண்டைகூடப் போட்டிருக்கிறான், மறுநாள் காலையில் அவனுக்கு எதுவும் நினைவில் இல்லை. போலீஸ் வாக்குமூலத்தில் இந்த வித்தியாசம் ஒருவன் தலையெழுத்தையே மாற்றும்.

இரண்டாவது, அதிலிருந்தே கிளைத்தது: அலுப்பில் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிடுதல். "ஐ கேம் ஹோம் அண்ட் பாஸ்டு அவுட் ஆன் த சோஃபா" என்று அமெரிக்க இளைஞன் எழுதினால் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டாம். களைப்பில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாய்ந்துவிட்டான், அவ்வளவுதான்.

மூன்றாவது, விநியோகித்தல். இது பெரும்பாலும் அமெரிக்க வழக்கு. "ப்ளீஸ் பாஸ் அவுட் த பேப்பர்ஸ்" என்று அங்கே ஆசிரியர் சொன்னால், தாள்களை எல்லோருக்கும் கொடு என்று பொருள். பிரிட்டனில் "ஹேண்ட் அவுட்" அல்லது "கிவ் அவுட்" என்பார்கள். இலக்கணம் மாறுவது இங்கேதான். மயங்குகிற பாஸ் அவுட்டுக்குச் செயப்படுபொருள் கிடையாது, யாரும் யாரையும் பாஸ் அவுட் செய்ய முடியாது. விநியோகிக்கிற பாஸ் அவுட்டுக்குச் செயப்படுபொருள் வேண்டும், அதை நடுவிலும் வைக்கலாம்: "பாஸ் த பேப்பர்ஸ் அவுட்". பெயருக்குப் பதிலாக "தெம்" என்று போட்டால் நடுவில்தான் வைத்தாக வேண்டும். "பாஸ் தெம் அவுட்" சரி, "பாஸ் அவுட் தெம்" என்று எந்த நாட்டிலும் சொல்ல மாட்டார்கள்.

நான்காவது நம்முடையது.

ஆஸ்திரேலியாவில் பெயர்ச்சொல்லாக ஒரு பயன்பாடு இருக்கிறது. நிகழ்ச்சி அரங்கிலிருந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வர அனுமதிக்கும் சீட்டை அங்கே "பாஸ் அவுட்" என்கிறார்கள். வாசலில் "நோ பாஸ் அவுட்ஸ்" என்று பலகை இருந்தால், ஒருமுறை வெளியே போனால் மறுபடி உள்ளே விட மாட்டோம் என்று பொருள். யாரும் மயங்கக் கூடாது என்று தடை போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது உங்கள் படிவம். "ஐ பாஸ்டு அவுட் ஆஃப்" என்று எழுதுகிறீர்களே, அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பிழை வேறொரு வடிவத்தில் இருக்கிறது. "ஐ ஆம் 2024 பாஸ்டு அவுட்" என்று எழுதும் பிள்ளைகளை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். "ஐ ஆம் பாஸ்டு அவுட்" என்றால், நான் இந்த நிமிடம் நினைவின்றிக் கிடக்கிறேன் என்று ஆகிறது. நினைவில்லாதவன் எப்படி விண்ணப்பம் எழுதினான் என்று படிக்கிறவர் கேட்பார். இதைத் தயவுசெய்து எங்கேயும் விடாதீர்கள்.

கோயம்புத்தூர் நிறுவனத்துக்கும் சென்னை நிறுவனத்துக்கும் போகிற பயோடேட்டாவில் "2024 பாஸ் அவுட்" தாராளமாக இருக்கலாம். கேட்கிறவனே அப்படித்தான் கேட்கிறான், வேறு விதமாக எழுதினால்தான் தேடுவான். வெளிநாட்டுக்குப் போகிற தாளில் பட்டப்படிப்பு என்றால் "ஐ கிராஜுவேட்டட் ஃப்ரம்" என்று எழுதுங்கள். "ஃப்ரம்" முக்கியம், அதை விழுங்கிவிடாதீர்கள். டிப்ளமோவுக்கும் பிளஸ் டூவுக்கும் "கம்ப்ளீட்டட்" போதும். அமெரிக்காவில் பள்ளியை முடிப்பவனும் "கிராஜுவேட்" ஆகிறான், பிரிட்டனில் அந்தச் சொல் பெரும்பாலும் பட்டத்துக்கு மட்டுமே உரியது. "கம்ப்ளீட்டட்" இரண்டு இடத்திலும் சண்டையில்லாமல் ஓடும்.

அப்புறம், உங்கள் படிவத்தில் கல்வித் தகுதி அட்டவணை ஒன்று இருக்குமே, அதில் "இயர் ஆஃப் பாஸிங்" என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கும். முதல் வேலையாக அதைத் தூக்குங்கள். அமெரிக்காவில் ஒருவர் இறந்ததை இதமாகச் சொல்ல "பாஸிங்" என்பார்கள். ஒருவருடைய பிளஸ் டூவுக்கு நேராக 2020, பி.இ.க்கு நேராக 2024 என்று இரண்டு மறைந்த ஆண்டுகளைப் பார்த்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

பதில்: லெஸ்டர் செவிலி

அண்ணா, வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்து இரவுப் பணியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நான் தேனி மாவட்டத்துக்காரி. இங்கிலாந்தில் லெஸ்டரில் முதியோர் வார்டில் செவிலியாக இருக்கிறேன். எங்கள் வேலையில் "பாஸ்" என்ற வினை வந்தால் அடுத்து என்ன சொல் ஒட்டுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

"பாஸ்டு அவுட்" என்றால் மயங்கினார். "பாஸ்டு அவே" என்றால் காலமானார். இப்போது "அவே"யையும் விட்டுவிட்டு வெறும் "ஷி பாஸ்டு" என்றே காலமானதைச் சொல்கிறார்கள். "பாஸ்டு வாட்டர்" என்றால் சிறுநீர் கழித்தார். "பாஸ்டு எ ஸ்டோன்" என்றால் சிறுநீரகக் கல் வெளியேறியது. பணி மாறும்போது நோயாளிகளைப் பற்றி ஒப்படைக்கும் குறிப்பை வேகமாகச் சொல்வார்கள். நமக்குப் பழக்கமான "பாஸ்" தேர்வில் தேறுவது மட்டும்தான் என்றால் ஒன்றும் விளங்காது. நோயாளியின் மகளுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லும்போது "அவுட்" இருக்க வேண்டிய இடத்தில் "அவே" வந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால்தான் இறப்பைச் சொல்லும்போது பூசி மெழுகாமல் "டைடு" என்றே சொல்லுங்கள் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்பதற்குக் கடுமையாக இருக்கும், ஆனால் தவறாகப் புரிந்துகொள்ள வழியில்லை.

இங்குள்ள முதியவர்கள் மயக்கத்தை நேராகச் சொல்லவே மாட்டார்கள். "ஐ ஹேட் எ ஃபன்னி டர்ன்" என்பார்கள். வேடிக்கை எதுவும் நடக்கவில்லை, தலை சுற்றியிருக்கிறது. "ஐ கேம் ஓவர் ஆல் ஃபன்னி" என்றாலும் கிட்டத்தட்ட அதுதான். நாங்கள் விடாமல் "டிட் யு ஆக்சுவலி பாஸ் அவுட்?" என்று கேட்டு உறுதி செய்வோம். தலை சுற்றியதா, நினைவே போனதா என்பதைப் பொறுத்து அடுத்து எடுக்கும் சோதனைகள் மாறும். நினைவு போயிருந்தால் இதயத் துடிப்பைப் பதிவு செய்வோம், படுத்த நிலையிலும் எழுந்து நிற்கும்போதும் இரத்த அழுத்தம் பார்ப்போம், விழுந்தபோது தலையில் அடிபட்டதா என்று தேடுவோம். "ஐ நியர்லி பாஸ்டு அவுட்" என்றால் மயக்கம் வரப்பார்த்தது, வரவில்லை. அந்த "நியர்லி"யைக் குறிப்பில் எழுத மறக்கக் கூடாது.

மயக்கம் தெளிவதற்கும் இதே வகை வினைதான். பிரிட்டனில் "கம் ரவுண்ட்". "வென் டிட் ஹி கம் ரவுண்ட்?" என்று டாக்டர் கேட்டால், எப்போது சுற்றி வந்தார் என்பதல்ல, எப்போது நினைவு திரும்பியது என்பது கேள்வி. அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த மயக்க மருந்து தெளிவதற்கும் அதையே சொல்வார்கள். அமெரிக்காவில் "கேம் டு" என்பார்கள். அதற்குப் பின்னால் எதுவும் வராது, "டு"வோடு வாக்கியம் நின்றுவிடும். முதலில் கேட்டபோது மீதி எங்கே என்று காத்திருக்கத் தோன்றும்.

வெளிநாட்டுச் செவிலிப் பணிக்கு ஓ.இ.டி. தேர்வு எழுதும் தங்கைகள் உங்கள் கடைக்கு வந்தால் ஒன்று சொல்லுங்கள். அந்தத் தேர்வில் நோயாளியிடம் பேசுவதாக ஒரு பகுதி உண்டு. அங்கே நோயாளியாக நடிப்பவரிடம் "சின்கபி" என்று மருத்துவச் சொல்லைப் போட்டு அசத்த நினைக்கக் கூடாது. சாதாரண மனிதருக்குப் புரிகிற "பாஸ் அவுட்", "ஃபெயின்ட்" இவற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். டாக்டருக்கு எழுதும் கடிதத்தில் "பாஸ்டு அவுட்" கூடாது, அங்கே "லாஸ் ஆஃப் கான்சியஸ்னஸ்" வேண்டும். இந்த வகை வினைகள் பெரும்பாலும் பேச்சுக்கு உரியவை. முறையான எழுத்துக்குப் போகும்போது அவை ஒதுங்கிக்கொள்ளும்.

பதில்: பரங்கிமலை ஹவில்தார்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். பாசறைக்கும் அழைத்துப் போனீர்கள், நன்றி. ஆனால் வாசலோடு திரும்பிவிட்டீர்களே.

எங்கள் வீடு பரங்கிமலைப் பக்கம். அங்கேதான் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. சீனப் போருக்குப் பிறகு 1963இல் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது. அணிவகுப்பு நடக்கும் மைதானத்துக்கு மேஜர் பரமேஸ்வரன் பெயர். அங்கே பயிற்சி பெற்று, 1987இல் இலங்கையில் உயிர்நீத்து, பரம் வீர் சக்கரம் பெற்றவர். டேராடூன் அகாடமியில் பயிற்சி முடித்தவர்கள் மெதுநடையில் படியேறி "அந்திம் பக்", அதாவது கடைசி அடி என்று குறித்திருக்கும் இடத்தைத் தாண்டுவார்கள். தாண்டும்வரை கேடட், தாண்டினால் அதிகாரி. எங்கள் சொல்லில் இருக்கும் "அவுட்" அந்த இடம்தான். தேர்வில் தேறினால் மட்டும் பாஸ் அவுட் ஆகிவிட முடியாது, நடந்து வெளியேற வேண்டும். அதன் பிறகு தாயும் தந்தையும் தோளில் நட்சத்திரம் குத்துவார்கள். 1932இல் திறந்த டேராடூன் அகாடமியின் முதல் அணியில் பயின்றவர்தான் நம் வெலிங்டனில் 2008இல் காலமான ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா. அவரைப் பற்றிச் சொல்லும்போது ராணுவத்தில் யாரும் "கிராஜுவேட்டட்" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

செவிலித் தங்கைக்கு ஒரு வேடிக்கை. இந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒரே மைதானத்தில் சந்திக்கும். பாஸிங் அவுட் பரேடுக்கான ஒத்திகையில் வெயிலில் அசையாமல் நிற்க வேண்டும். நிற்கிற பையன்களில் ஒருவன் பொத்தென்று விழுவான், அவன் பாஸ் அவுட். முட்டியைப் பின்னுக்குத் தள்ளி விறைத்து நின்றால் இரத்தம் காலில் தங்கி மூளைக்குப் போவது குறைந்துவிடும். அதனால் பூட்சுக்குள் கால் விரல்களை அசைத்துக்கொண்டே இரு, கெண்டைக்காலை இறுக்கி விடு என்று புதியவனுக்கு முதல் நாளே சொல்லிவைப்போம். வெளியே தெரியாது. நம் ஊர் வெயில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2023 ஜூனில் லண்டனில், இளவரசர் வில்லியம் பார்வையிட்ட ஒத்திகை அணிவகுப்பில் கரடித்தோல் தொப்பியும் கம்பளிச் சட்டையுமாக நின்ற வீரர்களில் சிலர் சரிந்து விழுந்தார்கள். அதில் டிராம்போன் வாசித்தவர் எழுந்து மறுபடி வாசிக்க முயன்றார். அந்தப் படம் உலகமெல்லாம் போயிற்று. அவரை "கேம் ரவுண்ட்" என்பதா, "கேம் டு" என்பதா என்று வாத்தியார் தீர்ப்புச் சொல்லட்டும்.

கேட்டவர்: செங்கோட்டு டிடிபி

எல்லோருக்கும் நன்றி. படிவத்தை இரண்டாகப் பிரித்துவிட்டேன், உள்ளூருக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று. "இயர் ஆஃப் பாஸிங்" கட்டத்தை இரண்டிலிருந்தும் எடுத்தாயிற்று.

ஒரு சந்தேகம் பாக்கி. எங்கள் பக்கம் "2023 பாஸ் அவுட்" என்று சொல்கிற பிள்ளைகளில் சிலருக்கு அரியர் இருக்கும். நான்கு வருடம் முடிந்து கல்லூரியை விட்டு வந்துவிட்டார்கள், ஒன்றிரண்டு தாள் நிலுவை. அவர்களுக்கும் "கிராஜுவேட்டட்" என்று அடிக்கலாமா? இன்று காலையில் ஒரு பையன் அடிக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான்.

பதில்: மாயவரத்து வாத்தியார்

அடிக்காதீர்கள் தம்பி. "பாஸ் அவுட்"டின் சௌகரியமே அதுதான். எந்த ஆண்டு அணி என்பதை மட்டும் சொல்லிவிட்டு, பட்டம் கைக்கு வந்ததா என்பதைச் சொல்லாமல் நழுவிவிடும். "கிராஜுவேட்டட்" அப்படி நழுவாது. பட்டம் பெற்றுவிட்டேன் என்று சொல்வதாகும், சான்றிதழைச் சரிபார்க்கும்போது பொய் என்று நிற்கும். அந்தப் பையனுக்கு "அட்டெண்டட்" என்று போட்டு, சேர்ந்த ஆண்டையும் முடித்த ஆண்டையும் கொடுங்கள். பக்கத்தில் "டிகிரி எக்ஸ்பெக்டட்" என்று தேறப்போகிற ஆண்டையும் சேருங்கள். முறையாகவும் இருக்கும், பொய்யும் இல்லை. அவனிடம் சொல்லிவையுங்கள்: "அரியர்" என்று மட்டும் வெளிநாட்டுத் தாளில் எழுதக் கூடாது. அங்கே அந்தச் சொல் வாடகை பாக்கி, கடன் பாக்கிக்கு உரியது. படிக்கிறவர், இவன் கல்லூரிக் கட்டணம் கட்டாமல் ஓடிவந்தவன் என்று நினைத்துக்கொள்வார். வாய்மொழியாகக் கேட்டால், இன்னும் ஒரு பாடத்தில் மறுதேர்வு எழுத வேண்டியிருக்கிறது என்று விளக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

ஹவில்தார் ஐயா, லண்டன்காரர் லண்டனில் விழுந்து எழுந்ததால் "கேம் ரவுண்ட்". டெக்சாசில் விழுந்திருந்தால் "கேம் டு". மானெக்‌ஷா விஷயத்தில் உங்களோடு வாதாட நான் வரவில்லை.

கேட்டவர்: செங்கோட்டு டிடிபி

புரிந்தது ஐயா. அந்தப் பையனுக்கு நீங்கள் சொன்னபடியே அடித்துக் கொடுத்துவிட்டேன். "எக்ஸ்பெக்டட்" என்ற சொல்லைப் பார்த்ததும் அவனுக்கே கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது.

மாலையில் ஃபிளெக்ஸ் ஆர்டர் ஒன்று வந்தது. பாலிடெக்னிக் பழைய மாணவர்கள் சந்திப்பு, "1999 பாஸ் அவுட் பேட்ச்" என்று பெரிய எழுத்தில் போட வேண்டுமாம். அமெரிக்காவிலிருந்தும் இரண்டு பேர் வருகிறார்கள் என்றார்கள். சொன்னபடியே அடித்து அனுப்பிவிட்டேன். ஆறடிக்குப் பத்தடி.